சுத்துற வேலை

ஸ்ரீபெரும்புதூர், 1991 என்றால் எல்லோருக்கும் ஒரே ஒரு ஞாபகம்தான் வரும். வெளியூர்க்காரர்களிடம் என் ஊர்ப்பக்கத்தைச் சொன்னால் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு அதைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும், அதில் தப்பில்லை. எனக்கு அந்த வருஷம் என்றால் முதலில் மூக்கில் ஏறுவது கறி வாசனை. அந்த மே மாதத்துக்கு முன்னால், ஈஸ்டர் ஞாயிறன்று, வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு இரும்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்டு விட்ட பையன்கள் கம்பெனிச் சட்டையோடு நின்று ஷவர்மா தின்கிறார்கள். என் மகனும் வாங்கி வருவான். ஒரு நாள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, ஷவர்மா என்றால் என்னம்மா அர்த்தம் என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் தின்ன ஆரம்பித்துவிட்டான். கேள்வி கேட்பதோடு சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது. அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் யாரும் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்.

எனக்கு நிச்சயமானது அதற்கு முந்தைய கோடையில். மாப்பிள்ளைக்கு ஊர் சேரப்பணஞ்சேரி, வேலை குவைத்தில். எங்களைப் போலவே ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். பையன் மெஷினில் இருக்கிறான் என்று தரகர் சொன்னார். அப்பாவுக்கு அது போதும். அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். லைனில் இருந்து வருகிற சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து, தேறும், தேறாது என்று பிரிப்பதுதான் வேலை. வீட்டிலும் அதையேதான் செய்வார். தோசையைத் தூக்கிப் பார்ப்பார், புடவையைத் தூக்கிப் பார்ப்பார், மனிதர்களையும் அப்படித்தான். மெஷினில் கை வைத்தவன் பொய் பேச மாட்டான், பேசினால் விரல் போய்விடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அது எந்த ஊர் நியாயமோ எனக்குத் தெரியாது.

நிச்சயத்தன்று நான் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அவருடைய செருப்பைப் பார்த்தேன். வெளிநாட்டுச் செருப்பு, பளபளவென்று இருந்தது. அப்புறம் அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். ஆகஸ்டில் குவைத்துக்குள் இராக் பட்டாளம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதோடு ஒரு தகவலும் இல்லை. அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார், நானும் அழுதேன். முகம் ஞாபகமில்லாத ஆளுக்காக, செருப்பை மட்டும் நினைத்துக்கொண்டு அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். அது துக்கமா, பயமா, கல்யாணம் நின்றுபோகுமே என்ற கவலையா என்று எனக்கே பிடிபடவில்லை.

தீபாவளி சமயத்தில் வந்து சேர்ந்தார். பாலைவனத்தில் லாரி ஏறி, ஜோர்டானில் கூடாரத்தில் கிடந்து, ஒரு வழியாக ஊர் வந்திருக்கிறார். கையில் ஒரு பைதான். அந்தச் செருப்பும் இல்லை. உடம்பு தேறட்டும் என்று பொங்கல் வரை விட்டார்கள். அதற்குள் அப்பா தன்னுடைய சூப்பர்வைசரிடம் பேசி, எங்கள் மாப்பிள்ளை வெளிநாட்டு மெஷினில் அனுபவம் உள்ளவர், ஆபரேட்டராக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாதி முடித்தும் வைத்திருந்தார். என்ன மெஷின் என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார்களாம். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா அதைத்தான் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"ஷவர்மா மெஷின் மாமா."

அப்பா தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாத மெஷினே கிடையாது பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல இன்னா ஜாப் வரும்?" என்று கேட்டார். மெஷினில் மாட்டிச் செய்கிற சாமானைக் கம்பெனியில் ஜாப் என்பார்கள்.

"கறி மாமா."

அதற்கப்புறம் அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, இதுதான் கம்பி, நிற்கிற கம்பி, இதில் கறித்துண்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தி அடுக்குவோம், பக்கத்தில் நெருப்பும் நின்றுகொண்டே எரியும், கம்பி மெல்லச் சுற்றும், வெந்த மேல்பாகத்தை நான் நீளக் கத்தியால் சீவுவேன் என்று விரலால் டம்ளரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். தரகரிடம் மெஷின் என்று சொன்னதும் தான்தான், கடை முதலாளி அதை அப்படித்தான் சொல்வார் என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேத்து மாதிரியா?"

"லேத்து மாதிரிதான் மாமா. ஜாப் சுத்தும், டூல் நிக்கும். நான் சீவிகினே இருப்பேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கறிக்கடை வேலை என்றே சொல்லியிருந்தால் அப்பா அன்றைக்கே எழுந்து போயிருப்பார், கதை முடிந்திருக்கும். இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற லேத்து மெஷின் பெயரைச் சொன்னதும் மனுஷன் மாட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து வீட்டில் இதே புலம்பல். ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார். ஜாப் சுற்றுகிறது, டூல் நிற்கிறது, அப்படியென்றால் அது டர்னிங்தானே, கடைசல் வேலைதானே என்பார். கறிதானே என்பாள் அம்மா. கறிதான், ஆனால் டர்னிங்தானே என்பார். ஒரு வாய் சோறு இறங்குவதற்குள் எனக்குத் தலை சுற்றும். சித்தப்பா வந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போவார். கறி அறுக்கிறவனுக்கா பெண்ணைக் கொடுக்கப் போகிறாய், நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்பார். அந்த நாலு பேர் யார் என்று கடைசிவரை அவர் சொன்னதில்லை.

என் பாடுதான் திண்டாட்டம். அவர் என்னை ஏமாற்றினாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். பொய் சொன்னார் என்று உறுதியாகத் தெரிந்தால் மனதாரத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மெய் என்றால் காத்திருப்பேன். மெஷினில் இருக்கிறேன் என்றார், மெஷினில்தான் இருந்திருக்கிறார். கறி என்று சொல்லவில்லை, கறி இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டவுடன் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது? சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலில் முட்டிபோட்டுக்கொண்டு இதையேதான் யோசித்தேன். இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

எங்கள் பக்கம் கோயிலில் ஓலை வாசிக்காமல் கல்யாணம் கிடையாது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் படிப்பார். தவக்காலத்தில் கல்யாணமும் இல்லை, ஓலையும் இல்லை, கறியும் இல்லை. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை பெயர் கொடுத்தால் அடுத்த ஞாயிறு முதல் ஓலை. கொடுக்காவிட்டால் கொடுக்கவில்லை என்பதே பதில், ஊருக்கே புரிந்துவிடும். ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். என்ன பார்க்கப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

தவக்காலம் பாதி போனபோது மாப்பிள்ளை மறுபடி வந்தார். உள்ளே வரவில்லை. வேலிப்படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, ஈஸ்டரன்று வந்து ஒரு தடவை செய்து காட்டுகிறேன், பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். பெண் பார்க்க வருவார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போவார்கள், மாப்பிள்ளை கறி சுட்டுக் காட்டுகிற வழக்கத்தை எங்கே கண்டோம்? அப்பா முறைத்துக்கொண்டு நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். சரி, பார்ப்போம் என்றார். ஏதாவது ஒரு மெஷினை ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரால் வேண்டாமென்று சொல்ல முடியாது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. ஆள் இடுப்புயரக் கம்பி ஒன்று, அதன் அடியில் ஒரு தட்டு, உச்சியில் சுற்றுவதற்கு வளைத்த கைப்பிடி, கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு வளையம் வைத்த ஸ்டாண்டு, கரி போடுவதற்கு ஒரு கம்பிவலைப் பெட்டி. பெட்டியைச் செங்கல் மேல் செங்குத்தாக நிறுத்தினார். கம்பியைச் செங்கல்லில் ஒரு குழி தோண்டி நட்டுச் சுற்றிப் பார்த்தபோது அது கறகறவென்று சத்தம் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அப்பா அதுவரை வாசலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பல்லைக் கூச வைத்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பழைய தகரப் பெட்டியைக் குடைந்து ஒரு பேரிங்கை எடுத்து வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, செங்கல் குழியில் பதித்துவிட்டு மறுபடி போய்ப் பேப்பரைப் பிரித்தார். கம்பி சத்தமில்லாமல் சுற்றியது. இவர் யார் பக்கம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் விடியற்பூசை முடிந்து வந்ததும் மாப்பிள்ளை வேலையைத் தொடங்கிவிட்டார். ஆட்டுக்கறியை எலும்பிலிருந்து பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிசாக வெட்டி, தயிரும் எலுமிச்சையும் மிளகும் பட்டையும் போட்டுப் பிசைந்தார். மிளகாய்த்தூள் போடவில்லை. மிளகாய் போடாத கறியா என்று அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. நாற்பது நாள் வாயைக் கட்டியிருந்த வீடு அது, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எலும்பையெல்லாம் அம்மா தனியே வாங்கிக்கொண்டு போய், எதற்கும் இருக்கட்டும் என்று காரமாக ஒரு குழம்பு கூட்டி வைத்தாள். அவர் கறியை ஒவ்வொரு துண்டாகக் கம்பியில் குத்தி, நடுநடுவே கொழுப்பு வைத்து, தலைமாட்டில் ஒரு முழு வெங்காயத்தைச் செருகினார். அப்புறம் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். கறியைச் சீவுகிற கை வேறு, சுற்றுகிற கை வேறு. குவைத்தில் மோட்டார் இருந்தது, இங்கே யார் சுற்றுவது? ஆண்கள் எல்லாம் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "நீ போய் சுத்து" என்றாள் என்னிடம்.

முக்காலி போட்டு உட்கார்ந்து சுற்றினேன். அவ்வளவு கிட்டத்தில் நான் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். காதோரம் ஒரு தழும்பு இருந்தது. வேகமாகச் சுற்றினால் வேண்டாம் என்று கையை அசைப்பார், நிறுத்தினால் கறியைக் காட்டுவார். எனக்கோ எரிச்சல் மூக்குக்கு மேல் இருந்தது. இத்தனை வாரம் என் தலையைக் குடைந்த வார்த்தைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஷவர்மான்னா இன்னா அர்த்தம்?"

அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. "சுத்துறதுன்னு அர்த்தம். துருக்கிக்காரங்க வார்த்தையாம், அரபுக்காரங்க வாயில பூந்து இப்டி ஆயிட்டுது."

கறி என்று அதில் எங்கேயும் வரவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். நெருப்பு? அதுவும் இல்லையாம். வெறும் சுற்றுவதுதான். துருக்கிக்காரர்கள் இப்போது அதற்கு வேறு பெயர் சொல்கிறார்களாம், அந்தப் பெயருக்கும் சுற்றுவது என்றுதான் அர்த்தமாம். கடையில் இருந்த பெரிய சமையல்காரர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நாமும் வறுப்பதை வறுவல் என்கிறோம், அவிப்பதை அவியல் என்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பெயரில் யாரும் சொல்வதில்லை. சுற்றுவதைச் சுற்றல் என்றால் அதில் என்ன பொய்? ஆனாலும் எங்கேயோ ஏதோ இடித்தது. இப்படித்தானே தரகரிடமும் சொன்னீர்கள், கறியை விட்டுவிட்டு மெஷின் என்று மட்டும், என்று கேட்டேன். ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டார். கறி என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் பெண் தர மாட்டார்கள் என்று பயமாக இருந்தது என்றார். அதையும் அப்படியே சொல்லிவிட்டார். திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததெல்லாம் என் வாயிலேயே நின்றுபோனது.

அப்புறம் அவராகவே சொன்னார். பட்டாளம் வந்த பிறகு கரண்டு போய்விட்டதாம். முதலாளி ஓடிவிட்டார், இருக்கிற கறி கெட்டுப்போகும். இவரும் இன்னொருவருமாகக் கையால் கம்பியைச் சுற்றி, கறியைச் சீவி, ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஜனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டு போட்டவரும் நின்றாராம், குப்பை வாருகிறவரும் நின்றாராம். யாரை முதலில் கவனிப்பது என்று இவர்கள் யோசிக்கவே இல்லை, யோசித்தால் கறி கருகிவிடும். நான் சுற்றிக்கொண்டே கேட்டேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுகூடத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் கறி எடுத்தால் ஒரு முறை உண்டு. முதல் பந்தி ஆண்கள். அப்பா, சித்தப்பா, வந்த விருந்தாளி என்று உட்காருவார்கள். அம்மா பரிமாறுவாள். அவர்கள் ஏப்பம் விட்டு எழுந்த பிறகுதான் எங்கள் பந்தி. அப்போது சட்டியில் குழம்பு இருக்கும், உருளைக்கிழங்கு இருக்கும், கறி அநேகமாக இருக்காது. அம்மா அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்று முடித்துவிடுவாள். அம்மா சூடான கறித்துண்டு ஒன்றை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் இதற்காக நான் தட்டைத் தூக்கி எறிந்து அடி வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்கும் இலை போட்டாயிற்று. அப்பா, சித்தப்பா, மாப்பிள்ளையோடு வந்திருந்த அவருடைய அப்பா மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சோறும் எலும்புக் குழம்பும் விழுந்தது. கறி எங்கே என்று கேட்டார்கள். கறியின் மேல்பக்கம் பொன்னாக முறுகிக் கொழுப்பு சொட்டியது, ஆனால் உள்ளே பச்சை. மேலே வெந்தது மட்டும்தான் வரும், அதைச் சீவிய பிறகுதான் அடுத்தது வேகும். ஒரு தட்டு நிறையும்வரை சேர்த்து வைத்தால் ஆறிப்போய்த் தோலாகிவிடும், சீவாமல் விட்டால் கருகிவிடும். நீங்கள் எழுந்து இங்கே வந்து நின்றால் சுடச்சுடத் தருகிறேன் என்று அவர் கூப்பிட்டார். நின்றுகொண்டு தின்பதற்கு நான் என்ன பிச்சைக்காரனா, தட்டில் போட்டு அனுப்பு என்று அப்பா இலையை விட்டு அசையவில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வந்து கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள்.

அவர் முதல் சீவல் சீவினார். நீளமாக, ஓரம் முறுகி, கத்தி மேலேயே ஆவி பறந்தது. தட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு கத்தியை என் பக்கம் திருப்பினார். முக்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், கைப்பிடியை மட்டும் விடவில்லை. ஆண்கள் இலைமுன் காத்திருக்கிறார்கள், நான் எப்படித் தின்பது?

"யார் முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் மொதல்ல" என்றார். "உப்பு சரியா கீதான்னு பாரு."

தின்றேன். நாக்கு பொசுங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதுபோல ஒரு கறி நான் தின்றதில்லை. மிளகாய் இல்லை, குழம்பு இல்லை, எலும்பு இல்லை, இது என்ன ருசி என்று பெயர் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது புகையாலா என்று தெரியவில்லை. கை மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சீவலை அவர் அம்மாவிடம் நீட்டினார். அம்மா தட்டை நீட்டினாள். அவர் தட்டில் போடவில்லை. "தட்டுல போட்டா ஆறிடும் அத்த, கையில வாங்கு" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். கறி கையைச் சுட்டது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதினாள். என்ன நடக்கிறது அங்கே என்று அப்பா சத்தம் போட்டார். அம்மா வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றுகொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த சீவல் வந்தபோது அவளே கையை நீட்டினாள். அதற்கடுத்ததையும் வாங்கினாள். இடுப்பில் இருந்த தட்டு நழுவிக் கீழே விழுந்தது, அவள் குனிந்து எடுக்கக்கூட இல்லை. மாப்பிள்ளையுடைய அப்பாதான் முதலில் இலையை விட்டு எழுந்து வந்தார், பின்னாலேயே சித்தப்பாவும் வந்தார். அந்த நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்ட சித்தப்பா, கொழுப்பு ஒழுகும் கையோடு இன்னொன்று கொடு என்று நின்றார். அப்பா ஒருவர்தான் இலைமுன் உட்கார்ந்து எலும்புக் குழம்பைப் பிசைந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தின்று முடித்தார். கடைசியில் கம்பியில் வெங்காயம் மட்டும் மிச்சம் இருந்தது.

எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன். அப்பாவுக்கு ஒரு துண்டுகூடப் போகவில்லை, மகள் முதல் துண்டு தின்றாள், பெண்டாட்டி நின்றுகொண்டு தின்றாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? மாப்பிள்ளை கம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்பா காதில் விழும்படியே சொன்னாள். "நாளைக்கு சாமியாரண்ட நான் போறேன். ஓலைக்குப் பேரு குடுக்கணும்." எங்கள் அம்மா அதுவரை கோயில் காரியம் எதற்கும் தனியாகப் போனதில்லை.

திங்கட்கிழமை காலையில் நிஜமாகவே கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். கல்யாணப் பெண் சாமியார் வீட்டுக்குள் வரக் கூடாது என்று என்னை வெளியிலேயே நிற்க வைத்துவிட்டாள். நின்றுகொண்டிருந்தபோது எனக்குள் ஒரே குழப்பம். இந்த ஆள் எனக்கு வேண்டுமா? வேண்டும் என்று தோன்றியது. அது அவருக்காகவா, அந்தக் கறிக்காகவா, அம்மா இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஊதினாளே அதற்காகவா? எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை. பிரித்துப் பார்ப்பதெல்லாம் அப்பா வேலை.

அம்மா வெளியே வந்தபோது அப்பா சைக்கிளில் வந்து நின்றார். ஷிப்டுக்குப் போகிற சட்டை போட்டிருந்தார், போகவில்லை. பெயர் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். கொடுத்தேன், பெண்ணுடைய அப்பாவும் வந்து சொன்னால்தான் எழுதுவேன் என்கிறார் சாமியார் என்றாள் அம்மா. அப்பா மணியைத் தேவையில்லாமல் ஒரு தடவை அடித்தார்.

"பையனுக்கு இன்னா வேலைன்னு சொன்ன?"

"சூடா குடுக்குற வேலைன்னு சொன்னேன்."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குழந்தைபோல ஒன்று சொன்னார். "எனுக்கு ஒரு துண்டுகூட குடுக்கலியே."

"நீங்க வந்து நிக்கல" என்றாள் அம்மா.

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய்ச் சாமியார் முன்னால் நின்றார்.